வரிசையில் கடைசியாக நின்றவள்

அன்றைக்குக் காலனி மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். எதிர் வீட்டு லட்சுமம்மா, அவளுடைய இரண்டு மருமகள்கள், தையல் மெஷின் வைத்திருந்த ஷாஹீன் பேகம், வாட்ச்மேன் எல்லையா, சங்கத்துச் செயலாளர் ராவ், என் வீட்டுக்காரர், நான், அப்போது பதினேழு வயசான என் பெண் செல்வி. அப்புறம் நீங்கள். மொத்தம் பத்துப் பேர். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒருத்தர் முகமும் எனக்கு அழியவில்லை.

ஈரச் சாக்கின் நாற்றம்தான் இதையெல்லாம் கிளறிவிட்டது அண்ணா. மழைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கோணிச் சாக்கை மிதியடியாகப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதித்து அது ஊறிக் கிடக்கிறது. அதற்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே தீக்காய வார்டில் செல்வி கிடக்கிறாள். இன்றைக்கு நாலாவது நாள். கழுத்துக்குக் கீழே எதையும் என்னைப் பார்க்க விடவில்லை. டாக்டரம்மா தெலுங்கில், "இப்புடே ஏமி செப்பலேம் அம்மா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். உயிரோடு இருக்கிறவர்கள் சொல்ல மாட்டேன் என்றால் நான் யாரைக் கேட்பது? அதனால்தான் செத்துப்போன உங்களைக் கேட்க உட்கார்ந்தேன்.

தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ்க்காரர், கேஸ் தீயை அணைக்கப் பொம்பளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தருவார் என்று என் வீட்டுக்காரர்தான் உங்களைக் கூட்டிவந்தார். மொபெட்டில் ஒரு சின்ன சிலிண்டர், ஒரு டியூப், ஒரு வாளி, ஒரு சாக்கு. அவ்வளவுதான் உங்கள் பள்ளிக்கூடம். ராவ் மைக்கை நீட்டினார். நீங்கள் வாங்கவில்லை.

"மைக் வேணாம் சார். பேசினா கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க."

எங்கள் ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டீர்கள். ஈரச் சாக்கால் ஒரு தரம் தீயை அணைத்துக் காட்டிவிட்டு, யாருக்கு ரொம்ப பயம் என்றீர்கள். எல்லோரும் ஷாஹீன் முதுகைப் பிடித்துத் தள்ளினோம். டியூப் வாயில் தீ உஸ்ஸென்று எரிந்தது. அவள் சாக்கோடு பின்னால் நகர்ந்தாள். "டரோ நக்கோ ஆபா, மை ஹூம் நா" என்று, பயப்படாதே அக்கா, நான் இருக்கிறேன் என்று, அவள் பாஷையிலேயே சொல்லி, அவளுக்கு அரை அடி பின்னால் நடந்தீர்கள். அவள் முதுகுக்குப் பின்னால் உங்கள் கை இருந்தது. ஆனால் தொடவில்லை. தீயை அணைத்துவிட்டு அவள் புர்காவைச் சரிசெய்துகொண்டு, "மேரே மியாங்கூ போலோ, அப் மேரே ஸே டர்னா" என்றாள். என் புருஷனிடம் சொல்லுங்கள், இனிமேல் அவர்தான் எனக்குப் பயப்படணும் என்று. எல்லையாகூடச் சிரித்தான்.

என் முறை வந்தபோது நாலடி தூரத்தில் நின்று சாக்கைத் தூக்கித் தீ மேல் எறிந்தேன். சாக்கு ஒரு பக்கம் விழுந்தது, தீ என் பக்கம் வளைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"எறியாதம்மா. கொண்டு போய் வை."

"நீங்களும் எறிஞ்ச மாதிரிதானே அண்ணா இருந்துச்சு?"

"பின்னாடி நிக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். பாத்தது போதாது. கையில புடிச்சுக் கிட்ட வந்தாத்தான் இது வைக்கிறதுன்னு புரியும்."

சாக்கின் மேல்விளிம்பை விரல்களுக்கு மேலே மடித்து, கையை அதற்குப் பின்னால் ஒளித்து, கிட்டே போய், என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் போர்த்திவிட்டு, அப்புறம் ரெகுலேட்டரை அணைக்க வேண்டும். மூன்று தரம் செய்ய வைத்தீர்கள். மூன்றாவது தரம் முகத்தில் அடித்த சூடு சட்டென்று நின்றது. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். என் கைக்குச் சொன்னது நீங்கள் ஒருத்தர்தான்.

செல்வி வரிசையில் கடைசி. சாக்கை வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். பாவாடையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது ராவ் வாட்ச்சைப் பார்த்தார். "டைம் அயிப்போயிந்தி மாஸ்டர், ஒக்க போட்டோ" என்றார். நேரமாகிவிட்டதாம், ஒரு போட்டோ எடுக்கணுமாம். அவள் கையிலிருந்த சாக்கை வாங்கி வாளியில் போட்டார். உங்களுக்குச் சால்வை போர்த்தினார். மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னார். எங்கள் பெயரையெல்லாம் கேட்ட உங்களை அதுவரை யாரும் பெயர் கேட்கவில்லை. நீங்கள் அந்தச் சரிகையை ஒரு தரம் தடவிப் பார்த்தீர்கள். வேலையில் இருந்தபோது ஒருத்தரும் உங்களுக்கு ஒன்றும் போர்த்தவில்லை போலிருக்கிறது. அப்புறம், வேண்டாம் என்று தள்ளிய அதே மைக்கை நீங்களே கையில் வாங்கினீர்கள்.

என்ன பேச்சு அது. எரிந்த குடோனுக்குள் புகை குடித்துக்கொண்டு ஊர்ந்த கதை, ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்த கதை. பாதி தெலுங்கு, பாதி உருது. லட்சுமம்மா அழுதாள். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது நான்தான்.

பேசி முடிப்பதற்குள் எல்லையா உதவி செய்கிறேன் என்று சிலிண்டரை மொபெட்டில் கட்டிவிட்டான். செல்வி அங்கேயே நின்றாள்.

"உன்னை வுட்டுட்டேனே பாப்பா" என்றீர்கள்.

"பரவாயில்ல அங்கிள். நல்லா பாத்துட்டேன்."

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, திறந்தீர்கள். பிறகு சால்வையை மடித்துக் கூடையில் வைத்து மொபெட்டைக் கிளப்பினீர்கள். நாலு மாசத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தத் திங்கட்கிழமை செல்வி வீட்டில் கேஸ் டியூப் தீப்பிடித்தது. பேத்தி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பதினோரு வயசு, தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில். "அம்மா டவல் தடிப்பி விசிரேசிந்தி" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். துண்டை நனைத்து வீசினாளாம். என் பெண் எதையும் மறக்கவில்லை அண்ணா. ஓடவில்லை, கத்தவில்லை. துண்டை நனைத்திருக்கிறாள். வரிசையின் கடைசியில் நின்று என்ன பார்த்தாளோ, அதை அப்படியே செய்திருக்கிறாள். எறிந்திருக்கிறாள். தீ வளைந்து நைட்டியைப் பிடித்துக்கொண்டது.

நேற்று மத்தியானம் பேத்தியை என் வீட்டுப் பால்கனிக்கு இழுத்துப் போனேன். காலி சிலிண்டரை வைத்து, படுக்கை விரிப்பை நனைத்துக் கையில் கொடுத்தேன். "அம்மம்மா, நேனு யூட்யூப்லோ சூசேஸா" என்றாள். பார்த்துவிட்டாளாம். என் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. அழுதுகொண்டே ஒன்பது தரம் செய்தாள். அரை அடி பின்னால் நின்று, தொடாமல் கையை வைத்துக்கொண்டேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கைதான். அதை எறியவும் முடியவில்லை.

முந்தாநாள் ராவ் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார், கிழடாகிவிட்டார். நான் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவருக்கு என்ன தெரியும், அவருக்குப் போட்டோ தெரியும். கை தட்டிய நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். என் பெண்ணுக்கு அன்றைக்கு வயசு பதினேழு. பார்த்தது போதாது என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர் ஒருத்தர்தான். சிலிண்டரை அவிழ்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

உங்களைப் போல் சொல்லிக்கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இது ஆறவில்லை. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், மூடினதும் உட்காருகிறேன். அவள் பிழைத்தாலும் சரி, பிழைக்காமல் போனாலும் சரி, நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர் உண்டு. இத்தனை வருஷமாக அண்ணா என்றே சொல்லிவிட்டேன். மைக்கில் ஒரே தரம் கேட்ட பெயரை இன்றைக்குச் சொல்கிறேன்.

குடியாத்தம் தணிகாசலம்.