சேதாரம் இல்லாத சூடு

அன்பு மாப்ளே ஜபருல்லா,

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூரில் உன்னை விற்றார்கள். அரிசி ஆலைக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் கூட்டி, மேடையில் உன் படத்தை நிறுத்தி, மாலை போட்டுச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். ஒரு முஸ்லிமின் படத்துக்குப் பொட்டு வைக்கலாமா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்வரிசையில் இருந்த உன் தம்பி ஹாஜா தலையைக் குனிந்துகொண்டான்.

விற்க வந்த சரக்கு, ஆலைப் புகைக்கூண்டில் ஒட்டும் தகடு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ந்த நீர், அந்த வித்தியாசத்தில் மின்சாரம். கல்லூரியில் இயற்பியல் நடத்திய நீ வாழ்நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருந்த விஷயம்தான். அதுவரை பொய்யில்லை.

"நெல் அவிக்கிற சூடு இனி வீணாப் போகாதுங்க. அத்தனையும் கரண்ட். சேதாரமே கிடையாது. ஜபருல்லா சார் காட்டின வழி!" என்றான் கோட்டு போட்ட விற்பனையாளன்.

நகைக்கடைச் சொல்லை எடுத்தான் பார். சேதாரமான பொன் எங்கேயும் போய்விடாது, ஆசாரியின் பட்டறைத் தூசியில் கிடக்கும், கூட்டி உருக்கினால் திரும்பும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சூட்டையும் அப்படி நினைக்க வைத்துவிட்டான்.

இந்தச் சொல்லோடு நீ எவ்வளவு மல்லுக்கட்டினாய்! "இது சேதாரம் இல்ல மச்சான், தகடு வழியாவே சூடு அந்தப் பக்கம் கசியுது. ஓடுற கரண்டும் தகட்டையே சுட வைக்குது. குளிர்ந்த பக்கம் கலந்தது கலந்ததுதான். யாரும் திருடல, யார்கிட்டயும் இல்ல. மெதுவா எடுத்தா இழப்பு குறையும், கரண்டும் குறையும். துளி இழப்பும் கூடாதுன்னா துளி கரண்டும் வராது" என்பாய்.

மேடையில் ஒரு டம்ளரில் கொதிக்கும் கஞ்சி, இன்னொன்றில் ஐஸ், நடுவில் தகடு. சின்ன விசிறி சுற்றியதும் கைதட்டினார்கள். காபி குடித்து முடிப்பதற்குள் விசிறி நின்றுவிட்டது. போய்த் தொட்டுப் பார்த்தேன், இரண்டு டம்ளரும் வெதுவெதுவென்றிருந்தன.

"தம்பி, போன சூட்டத் திரும்ப எடுத்து விசிறியச் சுத்த விடுங்க" என்றேன்.

"அது சேதாரம் சார். அடுத்த மாடல்ல பிடிச்சிடுவோம்."

"இப்பத்தானய்யா சேதாரமே இல்லன்ன?" என்றார் ஓர் ஆலைக்காரர்.

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "ஆசாரிகிட்டயே வாங்க முடியல. இவரு காத்துகிட்ட வாங்கித் தரப்போறாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பிரியாணிக்கு வரிசையில் போய் நின்றார்கள். ஒருவருக்காவது கோபம் வந்திருக்கக் கூடாதா? பொய்யைவிட எனக்கு அந்தச் சிரிப்புதான் அருவருப்பாக இருந்தது.

இன்னும் கேள். அந்தத் தகட்டுக்கு உன் பெயரையே வைக்கப்போகிறார்களாம். அதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். வாசலில் ஹாஜாவைப் பிடித்தேன்.

"அண்ணன் பேரு நிலைச்சிருக்கும்லண்ணே. வேற என்னத்த நான் அவருக்குச் செஞ்சிடப்போறேன்?"

"பொய்ல நிலைக்கிறது ஒரு பேராடா?"

"பொட்டு வச்சதையே பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வேற கெடுக்காதீங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. உன்மேல் வைத்த பாசத்தைக் கொண்டுபோய் எவனிடமோ நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனை நான் என்ன சொல்லித் திட்டுவது? நீ இருந்தால் முதலில் யாரைத் திட்டியிருப்பாய்?

இன்னும் அவன் கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊருக்கே அச்சிடுகிறேன். இது வெளிவரும் காலையில் பத்திரிகையோடு ஹாஜா வீட்டுக்குப் போவேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன். கையெழுத்துப் போட அவன் கிளம்பினால், மாப்ளே, என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

பெண் கொடுக்காமல் எடுக்காமல் ஆன
உன் மச்சான்,
கலியபெருமாள்