கால் மாறிய கியர்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். எங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

ஒர்க்‌ஷாப்புக்கு ரெண்டு இங்கிலாந்து பைக் வந்திருக்கு. எண்பதுகள்ல செஞ்ச டிரையம்ப், நம்ம வண்டி மாதிரி, வலது காலுக்கு பிரேக். ஐம்பதுகளோட நார்ட்டன் அப்படியே தலைகீழ். வலது காலுக்கு கியர். காலையெல்லாம் டிரையம்ப் ஓட்டிட்டு நார்ட்டன்ல ஏறினேன். பிரேக்னு நினைச்சு கியரை மிதிச்சு சுவத்துல இடிச்சுட்டேன்.

முதலாளி ஓடி வந்தார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

எனக்குக் கையில சின்னக் கட்டுதான். வலி தெரியல. இப்பல்லாம் எதுவும் பெரிசா தெரியறதில்ல.

நம்ம வண்டியை வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி இறங்கிடும். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மணி அடிச்சாச்சு. நம்ம வண்டிச் சத்தம் கேட்டா, அப்பா வந்தாச்சுன்னு பாப்பா இன்னும் வாசலுக்கு ஓடி வர்றாளா? வரலைன்னா எழுதாதே.

உன் வீட்டுக்காரன்