சீப்பு இல்லை, ஜீப்பு

அச்சரப்பாக்கம்
8-9-2024

அன்புள்ள பாப்பா சிநேகாவுக்கு,

நைனா எழுதுவது. ஜீப்பில் ஏறினேன், வேட்டி ஏறவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அது நடந்தது செங்கல்பட்டில், பழைய வண்டி விற்கும் தாமோதரன் கடை வாசலில், பட்டப்பகலில், மெக்கானிக்குகள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். படிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அது வேட்டியைப் பிடித்துக்கொண்டது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. தொண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா ஒரு மாதம் முணுமுணுக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பஸ் படியில் தொங்கிக்கொண்டு "செங்கல்பட்டு, செங்கல்பட்டு" என்று காலமெல்லாம் கூவியதற்குக் கிடைத்த சன்மானம்.

ஆமாம் பாப்பா, நேற்று போனில் அனுப்பியது "சீப்பு வாங்கிட்டேன்" இல்லை. ஜீப்பு. என் விரல் ஒன்றைத் தட்டினால் போன் இன்னொன்றை எழுதுகிறது. "வாரதுக்கு தலைல இன்னா கீது நைனா?" என்று நீ அனுப்பிய பதிலை உன் அம்மா எதிர்வீட்டு ஹெலனுக்கும் படித்துக் காட்டிவிட்டாள். மொட்டைத் தலையனுக்கு இனி போன் வேண்டாம். பேச முடிகிறவரை கடிதம்தான்.

தாமோதரன் என்னைப் பிறவி ஊமை என்றே நினைத்துவிட்டார். காதும் கேட்காது என்று முடிவு செய்து, வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதை எல்லாம் கையை ஆட்டியே விளக்கினார். முன் சக்கரங்களின் நடுவில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டி, சாவி திருப்புவதுபோல விரலைத் திருப்பினார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

எதற்கு இந்த வயதில் ஜீப்பு என்பாய். ஆட்டோக்காரர்கள் ஈசிஆர் மெயின்ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து உங்கள் குப்பம் வரை சவுக்குத் தோப்பு மணலில் நடக்க அம்மாவின் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் வந்தாள். வருகிற மாதம் வளையல் போட்டதும் உன்னை மணலில் நடக்கவிடாமல் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். ஜீப்பு வாங்கியதே அதற்குத்தான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

ஆசியுடன்,
உன் நைனா
மோசஸ்


மாமல்லபுரம்
13-9-2024

அன்பு நைனாவுக்கு,

சிநேகா எழுதுகிறேன். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரியாது, அம்மா பேசுவது மட்டும்தான் கேட்கும். அதனால் நானும் கடிதம். இன்லேண்ட் கவர் கேட்டதற்கு போஸ்ட் ஆபீஸில் இருந்தவர், "இன்னாம்மா, கோர்ட்டு கேஸா?" என்றார்.

வேட்டி சமாசாரம் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து மாரியம்மா அத்தை விடவில்லை. மாமா சிரித்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவரே வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வாய் பேசாம ஜீப்பு வாங்கிகீறாரே உங்கப்பா, பேசிகினு போயிருந்தா கப்பலே வாங்கியிருப்பார்" என்றார்.

ஹேமந்த் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். உங்கள் ஜீப்பு ஃபோர் வீலா, டூ வீலா? மறக்காமல் எழுதுங்கள்.

பிள்ளை விடியற்காலையில் போட் எஞ்சின் சத்தம் கேட்டால் உதைக்கிறது. இன்னொரு செய்தி. கரையில் மீன் ஏலம் கூவுகிற வேண்டாக்காவுக்கு ஒருநாள் ஜுரம். கூடையெல்லாம் வெயிலில் இருந்தது, நான் வாயைத் திறந்துவிட்டேன். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கேட்டதாம். இப்போது தினமும் என்னையே கூப்பிடுகிறார்கள். ஸ்டூல் போட்டு, தலைக்குமேல் குடை பிடித்து அத்தை பக்கத்திலேயே நிற்கிறார்கள். தொண்டை எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அச்சரப்பாக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெந்நீர் மறக்காமல் குடியுங்கள்.

உங்கள்
சிநேகா


அச்சரப்பாக்கம்
20-9-2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏலம் கூவுவதை எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் வெந்நீர் நீ குடி. என் கதி உனக்கு வரவேண்டாம்.

மாப்பிள்ளை கேட்டது எனக்கு விளங்கவில்லை. இரண்டு சக்கரத்தில் ஜீப்பு எப்படி நிற்கும்? நாலு சக்கரம் இருக்கிறது, ஸ்டெப்னியோடு சேர்த்தால் ஐந்து. போதுமா என்று கேட்டுச் சொல்.

ஜீப்பு வீட்டில் நன்றாகப் பழகிவிட்டது. அதிகாலையில் கிளப்பினால் நாலு தடவை இருமிவிட்டுத்தான் எழும். இருமலில் எங்களுக்குள் போட்டி. ஹார்ன் மட்டும் அருமை. இப்போதைக்கு இந்த வீட்டில் எனக்குக் குரல் என்று இருப்பது அது ஒன்றுதான். காபி வேண்டுமென்றால் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு இரண்டு. மூன்றாவது தடவை அடித்தபோது அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கியர் நிற்கிறது. எதற்கென்று தெரியவில்லை. அம்மா அதில் கைப்பை மாட்டிக்கொள்கிறாள், வாகாக இருக்கிறது. திருட்டு பயமும் இல்லை. சக்கரத் திருகில் ஒரு பக்கம் லாக், ஒரு பக்கம் ஃப்ரீ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. தாமோதரன் காட்டியபடி ராத்திரி படுக்கப் போகுமுன் இரண்டு சக்கரத்தையும் லாக்கில் திருப்பிவிடுவேன். காலையில் எழுந்ததும் மறக்காமல் ஃப்ரீ. ஹெலன் வீட்டுக்காரர் தன் காரில் அந்த வசதி இல்லையே என்று ஏங்குகிறார்.

எல்லாம் எழுதினாய் பாப்பா. வளையல் போட்டதும் கூட்டிவருகிறேன் என்று எழுதியிருந்தேனே, அதற்கு மட்டும் பதில் காணோம். அம்மா உன் அறையைக் கழுவிவிட்டு, கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஃபேன் இறக்கையெல்லாம் துடைத்துவிட்டாள். அக்டோபர் ஆறாம் தேதி, வளையல் போடுகிற அன்றுதான், டாக்டரம்மா எனக்கு வாய் திறக்க உத்தரவு கொடுத்திருக்கிறார். முதல் வார்த்தை என்ன என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். அதை உனக்காகவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

உன் நைனா
மோசஸ்


மாமல்லபுரம்
27-9-2024

அன்பு நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹேமந்திடம் காட்டினேன். படித்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஏன் என்று கேட்டால், "மாமா வரட்டும், வந்தா பாத்துக்கலாம்" என்கிறார். எனக்கும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது நைனா. காலையில் கரையில் நிற்பது பிடித்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அத்தை இப்போதே தொட்டில் கட்ட உத்தரத்தில் இடம் பார்த்துவிட்டார்கள், ஆனால் வாயைத் திறந்து "இரு" என்று சொல்லவில்லை. தாய் வீட்டுக்காரர்கள் கேட்டால் அனுப்பவேண்டியது முறை என்கிறார்கள்.

அதனால் நானும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் வந்து வாயைத் திறந்து கூப்பிட்டால் மறுபேச்சு இல்லாமல் ஏறிவிடுவேன். இது சத்தியம்.

அம்மாவுக்கு முத்தம். ஜீப்புக்குத் திருஷ்டி சுற்ற பூசணிக்காய் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். பாஸ்டரிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்
சிநேகா


அச்சரப்பாக்கம்
8-10-2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். வளையல் போட்டது, சாப்பிட்டது எல்லாம் நீ பார்த்ததுதான். நீ பார்க்காத பக்கத்தை எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் வழக்கம்போல இரண்டு சக்கரத்தையும் ஃப்ரீ செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். மதுராந்தகம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் மகாராஜாவாக வந்தேன். உங்கள் சவுக்குத் தோப்பு மணலில் இறங்கினேன். பாதி தூரத்தில் ஜீப்பு உட்கார்ந்துவிட்டது. அழுத்த அழுத்தப் பின்சக்கரம் மணலை வாரி இறைத்ததே தவிர முன்சக்கரம் வேடிக்கை பார்த்தது. என்னிடம் இருந்த ஒரே குரலால் கூப்பிட்டேன். ஹார்ன் கேட்டு மாப்பிள்ளை, சம்பந்தி, இன்னும் பத்துப் பேர் போட்டை இழுக்கிற கயிற்றோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கயிற்றைத் தொடவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, லாக்கா, ஃப்ரீயா?" என்று கேட்டார்.

"ஃப்ரீ" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். ஒரு மாதம் சேர்த்து வைத்த குரலில் முதல் வார்த்தை அதுதான் பாப்பா. உனக்கு என்று வைத்திருந்தது, மணலில் போயிற்று.

மாப்பிள்ளை இரண்டு திருகையும் லாக்கில் திருப்பினார். குட்டி கியரிலிருந்து கைப்பையை எடுத்து அம்மாவின் மடியில் மரியாதையாக வைத்துவிட்டு, அதை ஒரு இழு இழுத்தார். குட்டையில் கிடந்த எருமை எழுந்த மாதிரி ஜீப்பு எழுந்து நடந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கத்தான் அந்தத் திருகும் குட்டி கியருமாம். சம்பந்தி என் தோளில் கை போட்டு, "பூட்னாதான் இது மணல்ல போவும் சம்பந்தி. நீ ராவுல பூட்டிட்டு, பகல்ல தொறந்து வுட்டுகினு கீற" என்றார். அவர் சிரித்ததை நானும் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் கேட்டது. கரைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கூடை கூடையாக ஏலம் போகிறது, ஒவ்வொரு விலைக்கும் கடைசி எழுத்தை மட்டும் இழுத்து மேலே தூக்குகிறது. பஸ் படியில் நான் "பட்டு" என்று இழுப்பேனே, அதே இழுப்பு. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தோப்பைத் தாண்டி வந்து பார்த்தால் நீ பட்டுப்புடவையோடு ஸ்டூலில் நிற்கிறாய். அத்தை குடை பிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் நின்ற வியாபாரிகள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வளையல் போட்டு முடிந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை உன் பையை எடுத்துக் கதவோரமாக வைத்தார்கள். நான் தண்ணீர் கேட்டேன். இன்னொரு தடவை தண்ணீர் கேட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, "மாரியம்மா, துணி காயப் போட எங்க கொடி கீது?" என்று கேட்டாளே, அப்போது எனக்கு உயிர் வந்தது. பிரசவம் முடிகிறவரை அவள் அங்கேயே இருக்கட்டும். ஜீப்பும் இருக்கட்டும். எந்த நேரத்தில் வலி கண்டாலும் மாப்பிள்ளை அந்த மணலைத் தாண்டிவிடுவார். லாக்கில் போட மட்டும் மறக்கவேண்டாம்.

ஆக, ஜீப்பையும் பொண்டாட்டியையும் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். கண்டக்டர் நம் செங்கல்வராயன். "இன்னா அண்ணாத்த, பொண்ண கூட்டிகினு வரப் போறேன்னு ஊரெல்லாம் எழுதிக் காட்டினியே, இன்னா ஆச்சு?" என்றான். பேச உத்தரவு வந்தது அவனுக்குத் தெரியாது. தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. சேர்த்து வைத்த வார்த்தையை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதினால் கூப்பிட்டதாகாது. "வாயைத் திறந்து கூப்பிட்டால்" என்றுதானே நீ எழுதியிருந்தாய்.

வா பாப்பா, நம்ம வூட்டுக்குப் போலாம்.

உன் நைனா
மோசஸ்