மேசையில் விட்டுவந்த புத்தகம்

என் அன்பு அக்கா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. பதில் வராது என்று தெரிந்தும் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை தவறாமல் கிள்ளானில் நம் தாமான் குடியிருப்பு நூலகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாயே, அங்கே என்னதான் படித்தாய்? லோரி ஓட்டிய இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் புத்தக அலமாரிக்கு முன்னால் காலிப் பெட்டிகள். எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறார்களாம். எனக்கு வந்ததே கோபம், நகராண்மைக் கழக அலுவலகத்துக்கு நேராக மோட்டார் சைக்கிளை விட்டேன். வீட்டு வரி கட்டுகிற இடத்தில்தானே கேட்க வேண்டும்?

கவுண்டரில் இருந்தவர் சிரித்துவிட்டார். "அண்ணே, கட்டடம் மட்டும்தான் எங்களுது. புத்தகமெல்லாம் மாநில நூலகத்தோடது. கூரை ஒழுகுனா இங்க வாங்க, புத்தகம்னா அங்கயே கேளுங்க லா."

சுவர் ஒருவருக்கு, புத்தகம் இன்னொருவருக்கு. உனக்கு இது தெரியுமா அக்கா?

திரும்ப நூலகத்துக்கே போனேன். அங்கே வேலை செய்கிற தர்ஷினி கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், ரெக்கார்ட்ல இந்தப் புத்தகங்கள யாருமே தொடலையே, அதான் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"என் அக்கா வருசக்கணக்கா இங்கதாம்மா படிச்சாங்க."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்களா?"

எங்கே? குழம்புக் கை பட்டுவிடும் என்று நீதான் எடுக்கவே மாட்டாயே.

"அப்ப படிச்சிட்டு மேசை மேலயே விட்டாங்களா? சாயங்காலம் மேசையில கிடக்குறதத்தான் எண்ணி, படிச்சதா எழுதுவோம். திரும்ப அடுக்காதீங்கன்னு போர்டே வச்சிருக்கோம் அங்கிள்."

நீயா மேசையில் விடுவாய்? சாப்பாட்டுக் கடையில்கூடத் தட்டை அடுக்கி, மேசையைத் துடைத்துவிட்டு எழுகிறவள். அந்தப் போர்டைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? பார்த்தும், பாவம் அந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு வேலை என்று நினைத்திருப்பாய். உன் ஒழுங்கே உன் அலமாரிக்கு வினையாகிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அந்தப் பெண் முன்னாலேயே அழுதேன்.

அவள் மேலிடத்தில் பேசி மூன்று மாதம் அவகாசம் வாங்கித் தந்தாள். "பத்து புத்தகத்த எடுத்து மேசையில போட்டுட்டுப் போனா போதுமாம்மா?" என்று கேட்டேன்.

"அது ஏமாத்துறது லா அங்கிள். உட்கார்ந்து படிங்க."

படிக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஆறு பக்கம் ஓடுகிறது. என்னோடு லோரி ஓட்டிய இரண்டு பேரையும் இழுத்து வந்திருக்கிறேன். ஒருவன் படிக்கிறான், இன்னொருவன் குறட்டை விடுகிறான்.

முதல் சனிக்கிழமை எழுந்தபோது, உன் தம்பி அல்லவா, கை தானாகப் புத்தகத்தை அலமாரிக்குக் கொண்டுபோகப் பார்த்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மேசையிலேயே விட்டேன். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தால், நீ முகம் கழுவப் போயிருக்கிறாய், இதோ வந்து உட்கார்ந்துவிடுவாய் என்பதுபோல் அது கிடந்தது.

அலமாரி நிற்குமா போகுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. எதுவானாலும் நீ படித்ததை நான் படித்து முடிப்பேன் அக்கா, இது சத்தியம். எது நீ படித்தது என்று எந்தப் பதிவிலும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
மணியம்