‘முடிஞ்சிடுச்சு’ன்னு சொன்ன நாலு நாள்

பாய்,

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். காற்று என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். கையிலிருந்த காபி டம்ளரை வைத்துவிட்டு, வாசலில் யாராவது மாட்டு வண்டியோடு நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். எண்பது தாண்டியவன், கடையை மூடி யுகம் ஆனவன், யாருக்கும் எந்த இன்ஜினும் திருப்பித் தரவேண்டியில்லாதவன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

என் தங்கச்சி மகள் பார்த்துவிட்டாள். “இன்னா மாமா, போலீஸ் தேடுதா?”

“போலீஸ் வந்தா சமாளிப்பேன்டி. சிங்கவரத்துல இருந்து ஆள் வந்தாத்தான் பயம்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எதைச் சொன்னாலும் அவளுக்குக் கதைதான். இது கதை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீயும் போய்விட்டாய். அதனால்தான் இதை உனக்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக் கடைத்தெருக் கோடியில் நாம் இரண்டு பேரும் போட்ட ஆயில் இன்ஜின் ரிப்பேர் கடையை, தென்னாற்காடு ஜில்லாவின் மாபெரும் தொழிற்சாலை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உள்ளே நாம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தால் ஒருத்தன் முதுகு ரோட்டில் இருக்கும். கிணற்று இன்ஜின் நம் பக்கம் வந்த புதுசு. மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி, கிணற்றுத் தண்ணீரைச் சால் சாலாக இறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆசை ஆசையாக இன்ஜின் வாங்கினார்கள். அது நின்று போனால் வண்டியில் ஏற்றி நம்மிடம் கொண்டு வந்தார்கள்.

வந்ததும் நான் என்ன செய்வேன்? வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடிப்பதற்குள் இன்ஜினை அக்கு அக்காகப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பிவிடுவேன். அப்புறம் அந்த மனுஷன் வேறு கடைக்கு எப்படிப் போவான்? “பிரிச்சுப் போட்டுட்டா அவன் நம்ம ஆளு பாய்” என்று உனக்குப் பாடம் வேறு எடுப்பேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாய்: “பிரிக்கறது சரி. பூட்டறது எப்போ?”

பூட்டுவதற்குப் பதிலாகத்தான் என்னிடம் நாக்கு இருந்ததே. இன்ஜின்கள் ஐந்து குதிரைச் சக்தி, என் நாக்கு ஐம்பது. “முடிஞ்சிடுச்சுண்ணா. பூட்ட வேண்டியதுதான் பாக்கி.” பிஸ்டன் வெளியே கிடக்கும்போதே சொல்வேன். செஞ்சியை ஆண்ட ராஜாக்கள் அத்தனை பேரும் சொன்ன பொய்யை ஒரு தட்டில் வைத்து, என் ‘முடிஞ்சிடுச்சு’ ஒன்றை மறுதட்டில் வைத்தால் ராஜகிரி மலை உயரத்துக்கு ராஜாக்கள் மேலே போய்விடுவார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாய். எதிரே நிற்பவன் முகம் வாடினால் எனக்கு மூச்சு முட்டும். அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் போதும் என்றிருக்கும். தாண்டிய நிமிஷத்திலிருந்து, அவன் திரும்பி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். சைக்கிள் மணி கேட்டால் பயம், வண்டிச் சத்தம் கேட்டால் பயம். அந்தப் பயத்தில் கை ஓடாது. கை ஓடாததால் வேலை முடியாது. முடியாததால் அடுத்த பொய்.

அந்தப் பங்குனியில் மூன்று சாக்கின் மேல் மூன்று இன்ஜின் ஒரே சமயத்தில் பிரிந்து கிடந்தன. ஒன்று சிங்கவரத்து ஏழுமலை அண்ணனுடையது. ஒன்று தொண்டூர்க்காரருடையது. மூன்றாவது எவருடையது என்று அன்றைக்கே எனக்குத் தெளிவில்லை. சாமான் மாறக்கூடாது என்று நீ ஒவ்வொருவர் சாமானிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டி வைப்பாய். சிங்கவரத்துக்குச் சிவப்பு, தொண்டூருக்குப் பச்சை. மண்ணெண்ணெயில் கழுவும்போது கையில் சிக்குகிறது என்று நான் எல்லா நூலையும் அறுத்துப் போட்டேன். “எனக்குத் தெரியாதா? முகத்தைப் பார்த்தாலே சொல்வேன்” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அறுந்த நூல்களைப் பொறுக்கி எடுத்துப் போனாய்.

ஏழுமலை அண்ணன் இரண்டு காணி நெல் வைத்திருந்தார். கதிர் வெளியே வருகிற சமயம். நாலு நாள் காலையில் வந்து நின்றார். நாலு நாளும் சொன்னேன், முடிஞ்சிடுச்சு. நாலாவது நாள் ஒரு படி மேலே போய், “விடிஞ்சா வண்டியில ஏத்தி அனுப்பறேன். இன்ஜின் மேடையக் கழுவி வைங்க” என்றேன்.

அவர் போன பிறகுதான் பூட்டினோம். கைப்பிடியை நீ சுற்றினாய், நான் சுற்றினேன். வெள்ளைப் புகையை விட்டுவிட்டு இன்ஜின் படுத்துக்கொண்டது. டீசலைப் பீய்ச்சுகிற அந்தக் குட்டி நாசிலை நீ கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

“முனை கருகியிருக்குது. இது தொண்டூர்க்காரரோடது.”

“அப்ப சிங்கவரத்துது?”

“முந்தாநாள் அனுப்பிச்சியே தொண்டூர் இன்ஜினு. அதுல ஓடிக்கிட்டு இருக்குது.”

புது நாசிலுக்கு அந்த மாலை பஸ்ஸிலேயே விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பினோம். அங்கே இல்லை, மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்று மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செய்தி வந்தது. உடனே என் நாக்கு எழுந்து உட்கார்ந்தது. “இன்னும் ரெண்டே நாள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“யோவ்!”

நீ ஸ்பேனரைக் கீழே வைத்தாய். உன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். “நான் தொண்டூருக்குப் போறேன். நீ சிங்கவரத்துக்குப் போ. ஆகலன்னு சொல்லு.”

“அடிப்பாரு பாய்.”

“அடிச்சா வாங்கிக்க.”

சிங்கவரம் என்ன, காசியா? சைக்கிளில் அரை மணி. அன்றைக்கு எனக்கு அது மூன்று ஜென்மத்துத் தூரம். வழியில் புளியமரத்துக்கு ஒன்றாகப் பொய் முளைத்தது. வண்டி அச்சு முறிந்தது. மெட்ராஸ் லாரி கவிழ்ந்தது. இன்ஜினுக்குள் நாகப்பாம்பு குட்டி போட்டது, பால் வைத்துக் காத்திருக்கிறோம். என் மூளை இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது. இதில் பாதியை அந்த இன்ஜினுக்குக் கொடுத்திருந்தால் அது கிணற்றைக் குடித்துவிட்டுக் கடலுக்குப் போயிருக்கும்.

கிணற்றடியில் மேடையைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். ஏழுமலை அண்ணன் சம்சாரம் ஒரு முழம் பூவைச் சொம்பின் மேல் வைத்துக்கொண்டு நின்றார், இன்ஜினுக்குச் சாத்த. நிலம் விரல் நுழைகிற மாதிரி வெடித்திருந்தது.

“வா வா! வண்டி பின்னால வருதா?” என்றார் அண்ணன்.

“முடிஞ்...” என்று பாதி வெளியே வந்துவிட்டது, பாய். சத்தியமாக வந்துவிட்டது. மீதியைக் கடித்து விழுங்கினேன்.

“ஆகலண்ணா.”

“இன்னா?”

“இன்ஜின் ஆகல. நேத்து சொன்னது பொய். அதுக்கு முந்தி சொன்னதும் பொய். உங்க நாசில மாத்தி வேற இன்ஜின்ல போட்டு அனுப்பிட்டேன்.”

கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை. அந்த மேடையில் அப்படியே உட்கார்ந்தார். குங்குமம் வேட்டியில் ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

“நேத்து சாயங்காலம் மச்சான் வந்தான். மேல்சித்தாமூர்ல ஏர் ஓட்டணும், மாடு குடுன்னான். அதான் இன்ஜின் முடிஞ்சிடுச்சேன்னு ரெண்டையும் அவுத்து உட்டுட்டேன்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவர் சம்சாரம்தான் என்னைப் பார்த்துப் பேசினார். குரல் உயரவில்லை. “நாலு நாளா மாடு கொட்டாயிலதான் நின்னுச்சு தம்பி. சாலும் கயிறும் பரண் மேலதான் கிடக்குது. ஆகலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே இறைச்சிருப்போமே.”

அடி வாங்கத்தான் வந்தேன். ஆனால் இந்த அடி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தாமதம் ஆனால் திட்டுவார்கள், அவ்வளவுதானே என்று அதுவரை எண்ணியிருந்தேன். என் ‘முடிஞ்சிடுச்சு’ ஒவ்வொன்றும் இரண்டு மாட்டைக் கொட்டாயில் கட்டிப் போட்டது எனக்குத் தெரியாது. வேறு வழி இருந்த ஒருவரை வழி இல்லாதவராக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

அங்கிருந்தே மேல்சித்தாமூருக்கு மிதித்தேன். மச்சான் காலில் விழாத குறையாக மாடுகளைக் கேட்டு வாங்கி, சைக்கிளை அவர் வீட்டிலேயே போட்டுவிட்டு, நடத்தி ஓட்டி வந்தேன். நான் ஓட்டி வந்தேன் என்பது என் பெருமைக்குச் சொல்வது. உள்ளபடி அந்த இரண்டு மாடுகளும்தான் என்னை இழுத்து வந்தன. வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இப்போது கதிருக்குள் என்ன நடக்கிறது? இப்போது? இந்த நிமிஷம்? வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

பொழுது சாய வந்து சேர்ந்தோம். மறுநாள் விடியலில் கவலை பூட்டி நானும் சேர்ந்து ஓட்டினேன். கீழ்க் காணிக்குத்தான் முதலில் தண்ணீர் ஏறியது. மேல் காணிக்கு எட்டவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் நீ வந்தாய், நாசிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு.

“குடுத்துட்டாரா பாய்? எப்படி?”

“உங்க இன்ஜின்ல ஓடறது அடுத்தவன் சாமான்னு சொன்னேன். ரெண்டு நாள் தண்ணி கட்டிக்கறேன், அப்புறம் எடுத்துக்கன்னாரு. திண்டிவனத்துல அவரு தம்பிகிட்ட இன்னொரு இன்ஜின் இருக்குதாம், கொண்டாந்துக்கறாராம்.”

“திட்டலையா?”

“திட்டினாரு. வாங்கிக்கிட்டேன்.”

அன்று ராத்திரியே நாசிலைப் பூட்டி, விடியலில் இன்ஜினைக் கிணற்றடியில் இறக்கி ஓட்டிவிட்டோம். அறுப்பு நாளில் ஏழுமலை அண்ணன் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். கீழ்க் காணியில் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை மேல் காணிக்கு அழைத்துப் போனார். கதிரெல்லாம் வெளுத்து நிமிர்ந்து நின்றது. ஒன்றை உருவி, என் உள்ளங்கையில் கசக்கி வைத்து, “ஊது” என்றார். ஊதினேன். கையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஆட்களிடம் போய்விட்டார்.

அன்று திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன். நீ ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாய். அப்புறம், “நீ சொன்ன நாலு நாளும் நான் பக்கத்துலதான்யா நின்னேன். எனக்கும் வாய் இருக்குது” என்றாய். மூன்று சாக்கில் இரண்டைச் சுருட்டி வெளியே போட்டாய்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் இப்போதும் கனவில் காண்கிறேன். இன்ஜினோடு வருகிறவரிடம், “இன்னைக்குப் பிரிக்க மாட்டேன். ஒண்ணு கையில இருக்குது. செவ்வாக்கிழமைக்கு மேலதான். அவசரம்னா வேற கடை பாருங்க” என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற வலி. அதைவிடக் கொடுமை, அவர்கள் நிஜமாகவே வேறு கடை பார்த்தார்கள்! ஒற்றைச் சாக்கின் இரு பக்கமும் நாம் உட்கார்ந்திருந்தோம். “போறாங்க பாய், எல்லாரும் போறாங்க” என்று நான் புலம்புவேன். “போவட்டும். கையில இருக்கறத முடி” என்பாய். உனக்கும் பயம்தான். நீ துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்ததை நான் கவனிக்காமல் இல்லை. திரும்பி வர ஆரம்பித்தவர்களில் முதல் ஆள் அந்தத் தொண்டூர்க்காரர். ஏழுமலை அண்ணன் வரவே இல்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது.

பழக்கம் என்னை விட்டுப் போனதா என்று கேட்டால், இல்லை. யாராவது ‘ஆயிடுச்சா?’ என்றால் முதலில் வருவது இன்றைக்கும் அந்தப் பழைய சொல்தான். அதைப் பல்லுக்கிடையில் பிடித்து நிறுத்தி, இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீந்த புளுகையெல்லாம் மருமக்களிடம் கதையாகக் கொட்டிவிடுகிறேன். நாகப்பாம்புக் குட்டியை அவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள்.

நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு அனுப்பினார். வராந்தாவைக் கடந்து உன் கட்டிலுக்கு வருவதற்குள் பொய் தயாராகிவிட்டது, மாலையும் கழுத்துமாக: ‘ஒண்ணும் இல்ல பாய், நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்.’ நீ கண்ணைத் திறந்து கேட்டாய்.

“இன்னாய்யா சொன்னாரு?”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “ஆகாது பாய். மருந்து கேக்கலையாம். ஒரு வாரம் தாண்டறது கஷ்டம்னாரு.”

நீ மேலே பார்த்தபடி கிடந்தாய். என் உயிரே என் கையில் இல்லை. அப்புறம் கேட்டாய், அந்தப் பாழாய்ப்போன சிரிப்போடு: “இதுல ஏதாவது கூட்டிக் கீட்டிச் சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப ஆரணிக்குப் போன் போடு. எம் பொண்ணை இன்னைக்கே வரச் சொல்லு.”

வந்தாள். மூன்று நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வராந்தாவில்தான் இருந்தேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு ஊருக்குப் போகும்போது, “மாமா, நீங்க சொன்னதால அத்தாகிட்ட எல்லாம் பேசிட்டேன்” என்றாள்.

உன் முகம் அந்த ஒரு நிமிஷம் எப்படி வாடியது என்பதும் என்னிடம் இருக்கிறது, பாய். அவள் சொன்னதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன். பயம் குறையவே இல்லை. பயந்துகொண்டேதான் சொல்கிறேன், கேட்கிறவர்களிடம், ஆகலை என்றால் ஆகலை என்று.