கோதுமைக்குச் சொன்ன பொலி

ருமேனியா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வத்திருச்சா? நான் நல்லா இருக்கேன்.

இன்னைக்கு எங்க துறைமுகத்துக்கு உக்ரைன் கோதுமை வந்துருச்சும்மா. சண்டையால மூணு வாரமா ஒண்ணும் வரல. நேத்து சைரன் அடிச்சது தூரத்துலதான், பயப்படாதீங்க. குழாய்லருந்து மொத கோதுமை கப்பலுக்குள்ள விழுந்தப்ப, நீங்க மலையில தேயிலைக் கொழுந்தெடுக்க ஆரம்பிக்கையில சொல்ற மாதிரியே "பொலியோ பொலி"ன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நெறைய வரட்டும்னு அர்த்தம்னேன். அப்புறம் அவங்களும் கத்தினாங்க, கிரேன்காரர் வரைக்கும்.

கப்பல் கொழும்புக்கான்னு கேட்டேன். சோமாலியாவுக்காம். கோதுமை மா கிடைக்காத அந்த வருஷம் ஒத்த ரொட்டியை எனக்கும் தங்கச்சி நிரோஷாவுக்கும் பிச்சுக் குடுத்துட்டு, பசிக்கலன்னீங்களே, அங்கயும் அப்படி ஒரு அம்மா இருப்பாங்கல்ல. அவங்களுக்காக இன்னொரு தடவ கத்தினேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வர்ற அலவத்துகொட ஊர்க்காரர் ஸிபான் என்கூட வேலை செய்றவர். லீவு முடிஞ்சு அவர் திரும்பையில ஒரு போத்தல் எலுமிச்சங்கா ஊறுகாய் குடுத்து விடுங்க. நிரோஷாகிட்ட, நீங்க பொலி சொல்றதைப் போன்ல பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்க. ரூமுக்குப் போற பஸ் வந்துருச்சு. அடுத்த மாசமும் கப்பல் வரும். அதுக்கு ஒங்க குரல்தான் வேணும்.

ஒங்க மகன்
யோகராஜ்