காடே பேசும் மருமகன்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. காலை எட்டு மணிக்கே முகம் காந்துகிறது. நான் வேலை செய்யும் நூலகத்தில் இருப்பதே ஒரு மின்விசிறி, அதுவும் பத்திரிகை வாசிக்க வருகிறவர்களின் பக்கம்.

செய்ய வேண்டியவை: மா இடிக்கக் கொடுக்க. இவரின் கிழிந்த சாரம் தைக்க. பவி சொன்னதை யோசிக்க.

பவி நேற்றுச் சொன்னது. டோஹாவில் அவள் வேலை செய்யும் ஹோட்டலில் சமையல்காரர் ஒருவர். நைஜீரியாக்காரர். பெயர் சாமுவேல். இரண்டு வருடப் பழக்கம், இனிக் கலியாணம். "வெள்ளிக்கிழமை அவர் உங்களோட கதைப்பார் அம்மா." நான் கேட்டது ஒன்றே ஒன்று, "சாப்பிட்டியா மகள்?"

வீட்டில் அவர்கள் பேசுவது காடே என்றொரு மொழியாம். மத்தியானம் பெரிய ஆங்கில அகராதியை இறக்கினேன். காடே என்று ஆங்கிலத்தில் எழுதும் நாலெழுத்து இருக்கிறது. பொருள், மீன்! குளிர்கடல் மீன், இப்போது வழக்கில் இல்லாத சொல். மொழியைப் பற்றிப் பேச்சே இல்லை. போனில் தேடினால் மீனும் வந்தது, மொழியும் வந்தது. மொழிக்கு ஒரே ஒரு வரி. நைஜீரியாவில் பேசப்படுவது. முற்றுப்புள்ளி. என் பிள்ளையைக் கொண்டுபோகப்போகிற மொழிக்கு இவ்வளவுதானா?

பின்னேரம் இவர் வலை உதறிக்கொண்டிருந்தார். சொன்னேன். தலை நிமிரவில்லை.

"மொழியெண்டா நீ பாரு. மீனெண்டா நான் பாக்கிறன்."

இவருக்கு ஏற்கனவே தெரியும். பவி போன மாதமே தகப்பனிடம் சொல்லிவிட்டாள். பெற்றவள் கடைசி ஆள். இரவுச் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்தேன்.

ஜூலை 9, புதன்

பழுகாமத்திலிருந்து அக்கா வந்தாள். வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"என்ன குடியெண்டு கேட்டியாகா?"

எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. "வேற குடிதான் அக்கா, அது நிச்சயம்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. ஆள் நல்ல கறுப்போ என்று அடுத்த கேள்வி. "நாம என்ன வெள்ளைக்காரரோ?" என்றார் இவர், குசினி அடுப்படியில் இருந்து. அவருக்கு எல்லாம் பகிடி.

போகும்போதுதான் உண்மையான கேள்வி. "அப்ப இந்த வீட்டை என்னகா செய்யப்போறாய்?"

எங்கள் வீட்டைச் சுற்றிய வளவின் மேற்குப் பக்கம் பவிக்குக் கட்டிய வீடு. கூரை போட்டாயிற்று, நிலம் பூசியாயிற்று. பெண்பிள்ளைக்கு வீடு, மாப்பிள்ளை வந்து இருப்பார், அவ்வளவுதான். நான் இருக்கும் வீடு என் அம்மா தந்தது. இவர் ஒரு பையோடு வந்து ஏறினார். வேறு மாதிரியும் உலகத்தில் நடக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அவர் வந்து இருப்பார்" என்றேன். பவியிடம் கேட்காமலே.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு. சேலை மாற்றினேன், பிறகு வேறு சேலை. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். வாசிக்கிற ஆங்கிலம் வேறு, பேசுகிற ஆங்கிலம் வேறு.

நல்ல குரல். மரியாதையான பிள்ளை. "அம்மா" என்று தமிழிலேயே கூப்பிட்டார். எனக்குள்ளே ஏதோ இளகிவிட்டது. சந்தோஷத்தில் துண்டை வாசித்தேன். வீடு ஆயத்தம். நீங்கள் வந்து இருங்கள். நீங்கள் ஒரு வீடு கட்டத் தேவையில்லை.

நன்றி என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டார்.

நாலு மணிக்குப் பவி. அழுத குரல்.

"அவருக்கு வீடு வாசல் இல்லையெண்டு நினைச்சீங்களா அம்மா? அங்க ஆம்பிளதான் வீடு கட்டிப் பொண்டாட்டியக் கூட்டிப் போவான். மாமியார்ர வளவுல போய் இருந்தா, இவனுக்கு என்ன குறையெண்டு ஊர் கேக்கும்."

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே மகள்."

"இஞ்ச அம்மா. அங்க இல்ல. நான் அங்க போறன்."

சொல்லிவிட்டாள். குசினியில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

சரித்திரப் புத்தகங்களைச் சமையல் புத்தகத் தட்டில் அடுக்கியிருக்கிறேன். பொறுப்பாளர் பார்த்துவிட்டுச் சும்மா போனார்.

கோபம். யார் மேல் என்று கேட்டால் பட்டியல் போடலாம். பவி. டோஹா. இவர். ஒரு வரியோடு நிறுத்திய அகராதிக்காரன்.

இவர் கொடுவா மீன் கொண்டுவந்தார், நல்ல பெரிசு. வெட்டிக்கொண்டே திட்டினேன். பெற்று வளர்த்து வீடும் கட்டி, கடைசியில் யாரோ ஒருத்தி வீட்டுக்கு அனுப்புவதா என்று. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக,

"நான் வாகரையில இருந்து உன்ர வீட்டுக்கு வரக்குள்ள, என்ர அம்மா மூணு நாள் சோறு தின்னல்ல. நீ ஒருநாளும் கேக்கல்ல."

இருபத்தெட்டு வருடம். உண்மையாகவே கேட்கவில்லை. மாமி செத்தும் ஒன்பது வருடம். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காற்று இறங்கவில்லை. பவியிடம் கேட்டேன், அவரின் அம்மாவோடு பேச வேண்டும் என்று.

"அவவுக்குக் காடே மட்டுந்தான் தெரியும்மா."

"பரவாயில்ல. எடு."

திரையில் நாலு பேர். நான், பவி, சாமுவேல், அந்த அம்மா. என் வயதுதான் இருக்கும். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தா. நான் சொன்னதைப் பவி ஆங்கிலத்தில், அதைச் சாமுவேல் காடேயில். வீட்டைப் பற்றிச் சொன்னது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ, அந்த அம்மா எழும்பிவிட்டா. போனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறா. முற்றம், ஆடு, ஒரு சுவர். ஒரு கதவைத் திறந்தா. நீலம் பூசிய அறை. புதுக் கட்டில், மெத்தையின் பொலித்தீன் இன்னும் கிழிக்கவில்லை. யன்னலுக்குச் சீலை போட்டிருக்கிறது. கட்டிலைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினா.

நானும் எழும்பினேன். வளவுக்கு ஓடி, மேற்குப் பக்க வீட்டைக் காட்டினேன். வெறும் அறை. பூசிய நிலம். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு கையை நெஞ்சில் வைத்தா. ஏதோ சொன்னா. சாமுவேல் மொழிபெயர்க்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பவியும்.

"மகள், நீ அங்க போய் இரு" என்றேன். "அவ கட்டிலும் போட்டு வச்சிருக்கா."

இவர் வந்து என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வெறும் வீட்டுக்குள் போய் நிலத்தில் உட்கார்ந்தேன்.